ஜென் கதைகளுக்கு அருகில் அவற்றின் காலத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் சில வாரங்களாக வெளிவரும் ஜென் குருமார்களின் கதைகளை விடாமல் வாசித்து வருகிறேன். எளிய தமிழில், சுருக்கமாக, சொல்ல வந்ததைச் சிதைக்காமல் அவற்றை எழுதுபவருக்கு முதலில் என் நன்றி. ஆனால், அக்கதைகளுள் ஒன்று உண்மையிலேயே நடந்ததுதானா என்று கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு, ஞானத்தின் முன் வரலாற்றுக் கேள்விகளுக்கு இடமில்லை என்றும், ஐயப்படுகிறவருக்குக் கதை பலன் தராது என்றும் இன்னொரு வாசகர் எழுதியிருந்த மறுமொழியைப் படித்த நாளிலிருந்து என் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவர் பக்தியோடுதான் எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருப்பினும், அந்தக் கருத்தால் ஜென் பயிற்சிக்கு நன்மை விளைவதில்லை என்பதை என் சொந்த உடம்பிலேயே கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் துறவி அல்லன். சீன மொழியோ ஜப்பானிய மொழியோ கற்ற ஆய்வாளனும் அல்லன். 18 ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் 25 நிமிடம் அமர்கிறவன், அவ்வளவுதான். ஜப்பானியர் ஜாஜென் என்று சொல்லும் அந்த அமர்தலில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கண்கள் முழுவதும் மூடாமல் பாதி தாழ்ந்திருக்க வேண்டும். வெளியேறும் மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கையில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், பெரும்பாலான நாள்களில் நான் நான்கைத் தாண்டுவதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. நேற்றுப் பேசிய பேச்சு, நாளை எழுத வேண்டிய கடிதம், எப்போதோ பட்ட அவமானம் என்று ஏதேனும் ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. போய்விட்டதைக் கண்டதும் திட்டாமல், வருந்தாமல் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதலே பயிற்சி என்று எனக்குக் கற்பித்தவர்கள் சொன்னார்கள். அது உண்மை என்பதற்கு நானே சாட்சி.

பயிற்சி தொடங்கிய மூன்றாம் ஆண்டில், ஏழு நாள் மௌன முகாம் ஒன்றில் கலந்துகொண்டேன். விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரை, இடையில் சிறிது நடையும் உணவும் வேலையும் தவிர, அமர்தல் மட்டுமே. நான்காம் நாள் இடது முழங்காலில் வலி எழுந்தது. வழக்கமான மரத்துப்போதல் அல்ல அது. உள்ளே எதையோ பிடித்து முறுக்குவது போன்ற வலி. முகாமை நடத்தியவரைத் தனியே சந்திக்கும் நேரத்தில் அதைச் சொன்னேன். அவர் எனக்கு ஹுய்கேயின் கதையைச் சொன்னார். தங்கள் பக்கத்திலும் அண்மையில் வந்த கதைதான் அது. சீனாவில் ஜென்னைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் போதிதர்மர் சுவரை நோக்கி அமர்ந்திருக்க, அவரிடம் உபதேசம் பெற வந்த ஹுய்கே என்ற சீனத் துறவி, இரவு முழுவதும் கொட்டும் பனியில் நின்றார்; பனி முழங்கால் வரை ஏறியது; குரு திரும்பியும் பார்க்கவில்லை; இறுதியில் தம் உறுதியைக் காட்ட இடக் கையைத் தாமே வெட்டிக் குருவின் முன் வைத்தார்; அப்போதுதான் குரு அவரைச் சீடராக ஏற்றார். கையையே கொடுத்தவர் இருக்க, நீ முழங்காலுக்காகவா முறையிடுகிறாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது. எஞ்சிய மூன்று நாள்களும் அசையாமல் அமர்ந்தேன். முகாம் முடிந்து எழுந்தபோது கால் ஊன்றவில்லை. மூட்டுச் சவ்வு கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். எட்டு மாதங்கள் தரையில் அமர முடியவில்லை. இன்றும் சிறு மணை ஒன்றின் மேல்தான் அமர்கிறேன். அந்தக் கதையைச் சொன்னவர் தீய எண்ணத்தோடு சொன்னார் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அந்த எட்டு மாதங்களில்தான் வாசிக்கத் தொடங்கினேன். ஹுய்கேயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய விரிவான பதிவு, தாவோசுவான் என்ற சீனத் துறவி 645 அளவில் தொகுத்த புகழ்பெற்ற துறவிகளின் வரலாற்றில் இருக்கிறது. அதில் பனி இரவு இல்லை. தானே வெட்டிக்கொண்ட கையும் இல்லை. ஹுய்கேயின் கையைக் கள்வர்கள் வெட்டினார்கள் என்று தாவோசுவான் எழுதுகிறார். ஹுய்கே மனத்தைத் தர்மத்தில் நிறுத்தி, வெட்டுண்ட இடத்தைத் தீயால் சுட்டு, குருதியை நிறுத்தி, துணியால் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எப்போதும்போல் பிச்சைக்குப் போனார். இதற்குப் பிறகு வருவதுதான் என்னை உலுக்கிய பகுதி. லின் என்ற இன்னொரு துறவியின் கையையும் கள்வர்கள் வெட்டுகிறார்கள். அவர் இரவெல்லாம் வலியால் கதறுகிறார். ஹுய்கே அவருடைய காயத்துக்குக் கட்டுப் போடுகிறார். அவருக்காகப் பிச்சை எடுத்து வந்து உணவு கொடுக்கிறார். ஹுய்கேயின் கை தடுமாறுவதைக் கண்டு லின்னுக்குக் கோபம் வருகிறது. உணவு உங்கள் முன்னால்தானே இருக்கிறது, நீங்களே எடுத்து உண்ணலாமே என்று ஹுய்கே கேட்க, எனக்குக் கை இல்லை என்பது உமக்குத் தெரியாதா என்று லின் சீறுகிறார். எனக்கும்தான் கை இல்லை, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்கிறார் ஹுய்கே.

இந்தப் பகுதியை முதன்முதலாக வாசித்த இரவில் நான் வெகுநேரம் உறங்கவில்லை. தன் வலியை யாரிடமும் சொல்லாதவர், பிறர் வலியால் கதறும்போது, நான் பொறுத்துக்கொண்டேனே, நீயும் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. கட்டுப் போட்டார், உணவு கொண்டுவந்தார், திட்டு வாங்கினார். ஹுய்கே தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டார் என்பது 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நூல்களில்தான் தலைகாட்டுகிறது. அது 1004-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட, ஜென் குருமார்களின் வரிசையைச் சொல்லும் விளக்கு மரபு நூலில் முழு நாடகமாக வளர்ந்து நிற்கிறது. கதை வளர்ந்த காரணத்தையும் ஊகிக்க முடிகிறது. ஒரு மரபு, குரு வரிசையில் போதிதர்மருக்கு அடுத்து வரும் தன் இரண்டாம் முன்னோரைக் கள்வர்களிடம் கை இழந்த மனிதராகக் காட்டுவதைவிட, உபதேசத்துக்காகக் கையையே காணிக்கையாக்கிய வீரராகக் காட்டவே விரும்பும். ஆனால் அந்த விருப்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை என் முழங்கால் செலுத்தியது. அன்று முகாமில் எனக்குத் தாவோசுவானின் பதிவு சொல்லப்பட்டிருந்தால் நான் எழுந்து நாற்காலியில் அமர்ந்திருப்பேன், பயிற்சியும் அறுபட்டிருக்காது.

வரலாற்றுக் கேள்வி ஞானத்துக்குப் பகை என்று சொல்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே வரலாறு கதையைப் பறிக்கவில்லை. அதைவிட ஆழமான ஒன்றை, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னறையில் கிடந்ததை, எடுத்துக் கொடுத்திருக்கிறது.

போதிதர்மர் விஷயத்திலும் இதே நிலைதான். தமிழ் வாசகர்களுக்கு அவர் காஞ்சியில் பிறந்த பல்லவ இளவரசர். காணொலிகளும் மேடைப் பேச்சுகளும் அதை ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகவே சொல்கின்றன. அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547-ஆம் ஆண்டில் யாங் சுவான்ஜி எழுதிய லோயாங் நகரக் கோயில்களின் பதிவில் வருகிறது. அங்கே அவர் மேற்குப் பகுதியிலிருந்து வந்த பாரசீகத் துறவி. தமக்கு 150 வயது என்று சொல்லிக்கொள்பவர். யுங்நிங் கோயிலின் கோபுரத்தைக் கண்டு வியந்து, கைகூப்பி நாள்கணக்கில் வணங்கியவர். அவருடைய போதனையைப் பதிவு செய்த தான்லின் எழுதிய முன்னுரை அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. தாவோசுவான் தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். 1004-ஆம் ஆண்டு நூல் அவருடைய நாட்டுக்கு ஒரு பெயர் தருகிறது; அந்தச் சீனப் பெயரைக் காஞ்சி என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். காஞ்சியில் பௌத்தம் தழைத்திருந்தது என்பதில் தகராறு இல்லை: மணிமேகலை தன் தேடலின் முடிவில் அறவண அடிகளிடம் அறம் கேட்பது அந்நகரில்தான்; 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி சுவான்சாங்கும் அந்நகரத்து மடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எனவே அவர் காஞ்சியிலிருந்து போயிருக்கக்கூடும். கூடும் என்பது வேறு, போனார் என்பது வேறு. அவர் ஷாவ்லின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பதோ 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நூலையும் அதற்கு ஒட்டவைக்கப்பட்ட போலி முன்னுரையையும் நம்பி எழுந்த செய்தி. நம் ஊர்க்காரர் என்ற பெருமையில் எனக்கும் பங்கு வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. ஆனால், அந்த ஆசை இருப்பதாலேயே இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும் என்றுதான் மணையில் அமர்ந்து கற்றிருக்கிறேன். மூச்சை எண்ணும்போது மனம் தனக்குப் பிடித்த இடத்துக்கே ஓடுவதை நாள்தோறும் பார்க்கிறேன் அல்லவா?

புத்தர் மலரை உயர்த்திக் காட்ட, அவருடைய சீடர் மகாகாசியபர் புன்னகைத்த காட்சி ஜென்னின் பிறப்பாகச் சொல்லப்படுகிறது. தங்கள் தொடரும் அதிலிருந்தே தொடங்கியது. ஜென் நூல்களில் அக்காட்சி இடம்பெறுவது 1036-ஆம் ஆண்டில், புத்தருக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பின்னர். நூல்களுக்கு வெளியே தனித்துக் கைமாறுவது, சொற்களைச் சாராதது என்று போதிதர்மர் பெயரில் வழங்கும் நான்கு வரிகள் ஒன்றாகச் சேர்ந்து தென்படுவது 1108-இல். புத்தர் முதல் போதிதர்மர் வரை இடையறாது தொடர்வதாகச் சொல்லப்படும் 28 இந்திய முன்னோர்களின் பட்டியல் 801-ஆம் ஆண்டு நூலொன்றில்தான் அந்த வடிவத்தை எட்டுகிறது. இவை ஜென்னைப் பொய்யாக்குவதற்காகத் தேடிப்பிடித்த குற்றங்கள் அல்ல. ஜென் துறவிகளும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் பௌத்த அறிஞர்களும் நெடுங்காலமாக அறிந்தவை. பொதுவாசகருக்கு மட்டுமே அவை வந்து சேரவில்லை.

இதில் பெருந்திருப்பம் நேர்ந்தது, சீனாவில் பழைய சுவடிகள் அடைபட்டுக் கிடந்த துன்ஹுவாங் குகையால். 1900-இல் திறக்கப்பட்ட அந்த நூலறையின் சுவடிகள் பாரிசுக்கும் லண்டனுக்கும் சென்றன. 1926-இல் பாரிசில் அவற்றைப் புரட்டிய சீன அறிஞர் ஹு ஷி, ஷென்ஹுய் என்ற மறக்கப்பட்ட துறவியின் எழுத்துகளைக் கண்டெடுத்தார். படிப்பறியாத ஹுய்நெங், கற்றறிந்த ஷென்சியூவைக் கவிதைப் போட்டியில் வென்று ஆறாம் முன்னோரானார் என்ற கதைக்குப் பின்னால், தம் ஆசிரியரை உயர்த்துவதற்காகக் கடுமையாக வாதாடிய ஷென்ஹுயின் உழைப்பு இருந்தது அப்போது தெரியவந்தது. 1953-இல் ஹு ஷியும் ஜப்பானிய ஜென் எழுத்தாளர் டி. டி. சுசுகியும் ஒரே ஆய்விதழில் எதிரெதிராக எழுதினார்கள். ஜென்னை அதன் காலத்தோடும் இடத்தோடும் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்றார் ஹு ஷி. வரலாற்றாசிரியருக்கு ஜென்னைப் பற்றித் தெரியும், ஜென் தெரியாது என்ற பொருளில் விடை தந்தார் சுசுகி. தங்களுக்கு மறுமொழி எழுதிய வாசகர், தெரிந்தோ தெரியாமலோ, சுசுகியின் பக்கம் நிற்கிறார். சுசுகி சொன்னதில் ஓர் உண்மை உண்டு; மூச்சைப் பற்றிப் படிப்பது வேறு, மூச்சோடு அமர்வது வேறு. ஆனால் ஒருவர் அமர்ந்து கண்டதைப் பற்றிப் பேசாமல், 6-ஆம் நூற்றாண்டில் இன்னது நடந்தது என்று பேசத் தொடங்கினால், அவர் ஹு ஷியின் முற்றத்துக்குள் வந்துவிடுகிறார். அங்கே சான்று காட்டத்தான் வேண்டும். இந்த எல்லையை அழிப்பதற்குக் காலம் கடந்த மெய்ஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

இப்படிச் சமயத்தைச் சமயத்துக்குள் இருந்தபடியே ஆராயும் போக்குக்குத் தாராளவாதச் சமயநெறி என்று பெயர். வழிபாட்டைக் கைவிடாமல், புனித நூலையும் குருவையும் மரபையும் அறிவின் முன்னும் மனச்சான்றின் முன்னும் நிறுத்திக் கேட்பது. இன்னதை நம்பினால்தான் நீ நம்மவன் என்று சொல்ல மறுப்பது. இந்த நெறியைச் சமயப் பற்று இல்லாதவர்களின் சமாதானம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறியவில்லை. கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் கிறித்தவத் திரித்துவக் கொள்கையை மறுத்த மைக்கேல் செர்வெட்டஸ் 1553-இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1568-இல் டிரான்சில்வேனியாவின் டோர்டா நகரில், திரித்துவத்தை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்னும் யூனிட்டேரியன் கிறித்தவப் பிரிவின் போதகர் பிரான்சிஸ் டேவிட்டின் செல்வாக்கில், போதகர் ஒவ்வொருவரும் தாம் புரிந்துகொண்டவாறு போதிக்கலாம், நம்பிக்கைக்காக யாரையும் வருத்தக் கூடாது என்று ஆணை பிறந்தது. அந்த ஆணை எல்லாச் சமயங்களையும் தழுவியதன்று. அதற்கும் எல்லைகள் இருந்தன. அதை வெளியிட்ட அரசர் இறந்த பிறகு பிரான்சிஸ் டேவிட்டையே சிறையில் தள்ளினார்கள். 1579-இல் தேவா கோட்டையில் அவர் மாண்டார்.

ஜென் மேற்கே சென்ற பாதையில் இந்த நெறியின் தடங்கள் நெடுகிலும் கிடக்கின்றன. 1844-இல் தாமரைச் சூத்திரத்தின் ஒரு பகுதி அமெரிக்க இதழொன்றில் ஆங்கிலத்தில் வெளிவந்தது; யூனிட்டேரியன் பின்னணி கொண்ட எழுத்தாளர் வட்டம் நடத்திய இதழ் அது. ஒரே மழை எல்லாச் செடிகள் மீதும் பெய்தாலும், ஒவ்வொன்றும் தன் இயல்புக்கு ஏற்ப அதை உறிஞ்சி வளர்கிறது என்று புத்தர் சொல்லும் அத்தியாயம். அதைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி தோரோ என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். உண்மையில் மொழிபெயர்த்தவர் எலிசபெத் பீபாடி என்ற பெண்மணி. பழைய ஏடுகளைப் பொறுமையாகப் புரட்டியவர்கள் இல்லாவிட்டால் அவருடைய உழைப்பு இன்றும் இன்னொருவர் கணக்கிலேயே இருந்திருக்கும். 1893-இல் சிகாகோவில் கூடிய உலகச் சமயங்களின் பேரவைக்காக உழைத்தவர்களில் ஜென்கின் லாயிட் ஜோன்ஸ் என்ற யூனிட்டேரியன் போதகர் முக்கியமானவர். விவேகானந்தர் பேசிய அதே பேரவையில்தான் சோயென் ஷாகு என்ற, ஜென்னின் ரின்சாய் பிரிவைச் சேர்ந்த ஜப்பானிய குரு, காரண காரிய விதியைப் பற்றிய தம் உரையைப் படைத்தார். அந்த உரையை ஆங்கிலப்படுத்திய இளைஞர் பிற்காலத்தில் ஜென்னை உலகெங்கும் கொண்டுசென்ற டி. டி. சுசுகி.

தாராளவாதச் சமயநெறியைச் சார்ந்தவன் நான். ஆகவே அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் ஆராய்கிறோம் என்ற மனநிறைவிலேயே நாங்கள் நின்றுவிடுகிறோம். கூடுகிறோம், பேசுகிறோம், இன்னொரு நூலை வாசிக்கிறோம். கோபம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. கேசபுத்த ஊரைச் சேர்ந்த காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதை எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவோம்: வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, இந்தத் துறவி எங்கள் குரு என்பதற்காகவோ ஒன்றை ஏற்காதீர்கள் என்பார் அவர். அதே பட்டியலில், தர்க்கத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காகவும் ஏற்காதீர்கள் என்று சொல்லியிருப்பதை நாங்கள் வசதியாக விட்டுவிடுவோம். நீங்களே அறியும்போது, இது தீங்கு தரும், இது நன்மை தரும் என்று வாழ்ந்து அறியும்போது கைக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் முடிவு. வாழ்ந்து அறிய நாள்தோறும் ஓரிடத்தில் அசையாமல் அமர வேண்டியிருக்கிறது. அதைத் தந்ததற்காக ஜென்னுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் கருத்துகள் எவ்வளவு விரைவில் எழுகின்றன, அவற்றில் எத்தனை வெறும் பழக்கம் என்பதை எந்த விவாத அரங்கும் எனக்குக் காட்டியதில்லை, மணைதான் காட்டியது.

அமர்தல் மட்டும் போதும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சிகாகோவில் உரை படைத்த அதே சோயென் ஷாகு, 1904-இல் ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது படையுடன் மஞ்சூரியாவுக்குச் சென்ற சமய குருவாக இருந்தார். போரைக் கண்டிப்பதில் தம்மோடு சேருமாறு ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் எழுதியபோது மறுத்துவிட்டார். ஹகோனே மலைப்பகுதியில் ஒரு சிறு கோயிலின் குருவாக இருந்த உச்சியாமா குடோ, குத்தகை உழவர்களின் பசியைப் பற்றியும் பேரரசரை வழிபடுவதற்கு எதிராகவும் எழுதித் தாமே அச்சிட்டார். அவர் சேர்ந்திருந்த, ஜென்னின் மற்றொரு பிரிவான சோட்டோ 1910-இல் அவருடைய குருப் பட்டத்தைப் பறித்தது. 1911 ஜனவரி 24 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அடுத்து வந்த போர்களில் ஜென் நிறுவனங்கள் படைக்காக வேண்டின, நிதி திரட்டின, தன்னை மறத்தலைச் சாவுக்கு அஞ்சாத கீழ்ப்படிதலாகத் திரித்துப் போதித்தன. அப்படிப் போதித்தவர்களில் பலர் பல்லாண்டுகள் ஆழ்ந்து அமர்ந்தவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. சோட்டோ பிரிவு 1992-இல் தன் பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு வருந்தியது. 1993-இல் உச்சியாமா குடோவின் பட்டத்தைத் திருப்பி அளித்தது. ரின்சாய் மரபின் மியோஷின்ஜி பிரிவு 2001-இல் மன்னிப்புக் கேட்டது. பழைய கோப்புகளைத் திறந்து, யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று தேடியவர்கள் இல்லாமல் இந்த மனமாற்றம் நிகழ்ந்திருக்காது. அவர்களில் சிலர் அதே மரபின் துறவிகள். வரலாறு அவர்களுக்குப் பகையாக வரவில்லை. அவர்கள் தம் சபதங்களைக் காக்கும் வழியாகவே வந்தது.

இவ்வளவையும் அறிந்த பிறகு காலையில் அமர்வதில் என்ன மாற்றம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சோட்டோ கோயில்களில் காலை வழிபாட்டின்போது முன்னோர்களின் பெயர்களை வரிசையாக ஓதுவார்கள். நானும் தனியே ஓதுவதுண்டு. அவ்வரிசையில் சில கண்ணிகள் பிற்காலத்தில் கோத்தவை என்று தெரிந்தும் ஓதுகிறேன். பெயர் தெரியாத எத்தனையோ பேர் அமர்ந்து, அடுத்தவருக்குக் கற்பித்து, மறைந்த இடைவெளிகளை அந்தப் பெயர்கள் மூடி நிற்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து என் குரலில் பணிவு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அந்த வரிசையில் ஒரு பெண் கூட இல்லை என்பதும் வரலாற்றைப் படித்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. புத்தரின் வளர்ப்புத் தாய் மகாபஜாபதி முதலான பிக்குணிகளின் சொற்கள் தேரிகாதை என்ற பழைய பௌத்தத் தொகுப்பின் 73 பாடல்களில் நம் கையில் இருக்கும்போது, அவர்களை விட்டுவிட்டு ஓதுவது எப்படிச் சரியாகும்? இன்று அமெரிக்காவின் பல ஜென் மையங்களில் பெண் முன்னோர்களின் பெயர்களையும் ஓதுகிறார்கள். நானும் மகாபஜாபதியின் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் அமர்கிறேன்.

நம்பத்தக்க கதைகளுக்கும் ஜென்னில் பஞ்சமில்லை. சோட்டோ மரபை ஜப்பானில் தொடங்கிய டோகன் 1223-இல் சீனா சென்றார். தியான்துங் மடத்தில் கடும் வெயிலில் முதுகு வில்லாக வளைந்த முதிய சமையல் துறவி ஒருவர், தலையில் தொப்பிகூட இல்லாமல், காளான்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். வயது 68 என்றார். இதை உதவியாளர்களிடம் விடலாமே என்று டோகன் கேட்டதற்கு, அவர்கள் நான் அல்லர் என்றார். வெயில் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்றதற்கு, பின் எப்போது செய்வது என்று கேட்டார். இதை டோகனே 1237-இல் மடத்துச் சமையலாளருக்கான அறிவுரை நூலில் தம் அனுபவமாக எழுதிவைத்திருக்கிறார். கேட்டவர் யார், இடம் எது, எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. அதனால் அந்த முதியவரின் வியர்வை நம் மீதே தெறிப்பது போலிருக்கிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. கதைகளை நிறுத்த வேண்டாம்; மலரைக் காட்டிய புத்தரையும், நீர் யார் என்று கேட்ட சீனப் பேரரசர் வூவிடம் தெரியாது என்று சொன்ன போதிதர்மரையும் தொடர்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு கதையின் அடியிலும் ஒரே ஒரு வரி சேருங்கள்: இக்கதை எந்த நூலில், எந்த ஆண்டளவில் முதலில் எழுதப்பட்டது என்று. நம்ப விரும்புகிறவர் நம்பட்டும், ஆராய விரும்புகிறவர் ஆராயட்டும். இருவருக்கும் அந்த ஒரு வரி போதுமானது. ஹுய்கேயின் கதையை மீண்டும் வெளியிட நேர்ந்தால், பனி இரவுக்கு அருகிலேயே, கையிழந்த இரு துறவிகளுக்கு இடையே நடந்த அந்தச் சிறு உரையாடலையும் அச்சிடுங்கள். முழங்கால் வலியோடு எங்கேனும் அமர்ந்திருக்கும் ஒருவர் அதை வாசிக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர் ஒருவர்